காளானின் அடிப்பக்கம்

தென்னையின் தூரில், வார்னிஷ் அடித்த மரத்தட்டைப் பாதியாக வெட்டி ஒட்டியதுபோல் ஒன்று நிற்கும். செம்பழுப்பு நிறம், வளரும் விளிம்பு மட்டும் வெள்ளை. தட்டினால் கட்டைச் சத்தம். இதைக் காளான் என்றால் பலர் நம்புவதில்லை. மழைக்கு முளைத்து மறுநாளே அழுகும் குடைதானே நமக்குக் காளான்!

அடையாளம் காணக் குனிந்துதான் ஆக வேண்டும். மேல்பக்கத்தின் நிறத்தை வயதும் வெயிலும் பாசியும் மாற்றிவிடும். குடைக்காளானின் அடியில் ஏடு ஏடாக மடிப்புகள் இருக்கும். இதிலோ ஊசியால் குத்தியதுபோல் பொடித் துளைகள். ஒவ்வொன்றும் ஒரு குழாயின் வாய். குழாயின் உட்சுவரில் விளையும் வித்துகள், குழாய் செங்குத்தாக இருந்தால்தான் சுவரில் ஒட்டாமல் கீழே உதிரும். அதனால் துளைகள் எப்போதும் தரையைப் பார்த்தே வளரும். மரம் சாய்ந்தால் பழைய தட்டும் கூடவே சாய்ந்துபோகும். அதற்குப் பின் வரும் வளர்ச்சி மறுபடி தரைக்கு இணையாகத் திரும்பிக்கொள்ளும். விழுந்து கிடக்கும் மரத்தில் காளான் முன்னே வந்ததா பின்னே வந்ததா என்று இதை வைத்தே சொல்லலாம். எனக்கு மிகப் பிடித்த துப்பு இது.

தென்னையில் காண்பது பெரும்பாலும் கானோடெர்மா என்ற வகை. இளந்தட்டின் வெள்ளை அடிப்பக்கத்தை நகத்தால் கீறினால் பழுப்புக் கோடு விழும். வித்துகள் கோகோ பொடி நிறத்தில் தட்டின் மேலேயே தூசியாகப் படிந்திருக்கும். கட்டைபோல் இறுகிய இன்னொரு வகையான ஃபெல்லினஸுக்கு அடிப்பக்கமும் பழுப்பு, உடைத்தால் உள்ளேயும் துரு நிறம். பட்ட மரங்களில் மெல்லிசாக, பளிச்சென்ற செம்மஞ்சளில் வருவது பிக்னோபோரஸ்.

தஞ்சைப் பகுதித் தோப்புக்காரர்களுக்குக் கானோடெர்மா வேறு பெயரில் பழக்கம்: தஞ்சாவூர் வாடல் நோய். 1952 புயலுக்குப் பிறகு அங்கே கவனத்துக்கு வந்ததால் அந்தப் பெயர். வெளியே தட்டாக முளைக்கும் இந்தப் பூஞ்சை உள்ளே வேரை அரித்து அடித்தண்டுக்கு ஏறும். தூரிலிருந்து செம்பழுப்புச் சாறு வடியும். மட்டைகள் வாடித் தொங்கும். தட்டு முளைப்பது பெரும்பாலும் கடைசியில்தான், சில மரங்களில் அதுவும் இல்லை. ஆகவே தட்டைப் பெயர்த்து எறிந்தால் வித்து பரவுவது குறையுமே தவிர, உள்ளே இழை இழையாக ஓடும் பூஞ்சை அப்படியேதான் இருக்கும். பக்கத்து மரங்களுக்கு வேர் வழியே அது போகாமலிருக்க, நோய்கண்ட மரத்தைச் சுற்றி அகழி வெட்டுகிறார்கள்.