பியூப்பா: ‘கூட்டுப்புழு’ பொருந்துமா?

புழுவுக்கும் பட்டாம்பூச்சிக்கும் இடைப்பட்ட அசைவற்ற பருவத்தைப் பினாங்குத் தமிழ்ப் பிள்ளைகள் ‘கூட்டுப்புழு’ என்று படிக்கிறார்கள். மலாயில் ‘கெப்போம்போங்’. அறிவியல் சொல்லான ‘பியூப்பா’ லத்தீனிலிருந்து வந்தது. சிறுமி, பொம்மை என்று பொருள். துணியில் சுற்றிய கைக்குழந்தை போலிருப்பதால் 18ஆம் நூற்றாண்டில் ஸ்வீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் இந்தப் பெயரைச் சூட்டினார்.

அவருக்கு வெகு முன்பே இப்பருவத்தை உயிரோடு வைத்துப் பார்த்து வரைந்தவர் மரியா சிபில்லா மெரியன். ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் 1647இல் பிறந்தவர். 13 வயதில் பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கினார். புழு, கூட்டுப்புழு, பூச்சி மூன்றையும் அது தின்னும் செடியோடு ஒரே தாளில் வரைந்தது அவர் செய்த பெரிய காரியம். 1699இல், 52 வயதில், இளைய மகளோடு தென் அமெரிக்காவின் சுரினாம் காட்டுக்கே போனார். அங்கே வரைந்தவை 1705இல் 60 படங்களோடு நூலாயின. பியூப்பாவை அவர் ‘பேரீச்சங்கொட்டை’ என்றே எழுதினார். கண்ணால் கண்டவர் வைத்த பெயர்!

நம் சொல் பட்டுப்புழுவுக்கு அப்படியே பொருந்தும். அது நூல் நூற்றுக் கூடு கட்டி உள்ளே படுக்கிறது. பட்டாம்பூச்சிக்குத் தனிக் கூடு கிடையாது. வீட்டுக் கருவேப்பிலைச் செடியில் வரும் எலுமிச்சைப் பட்டாம்பூச்சியைப் பாருங்கள். சிறு புழு பறவை எச்சம் போலிருக்கும், வளர்ந்தபின் பச்சை. குச்சியில் வால்நுனியை ஒட்டி, இடுப்பில் ஒரு பட்டிழையைக் கட்டிக்கொண்டு கடைசித் தோலை உரிக்கும். உள்ளிருந்து வருவதே பியூப்பா. அதன் மேல்தோல்தான் கூடு. ‘கூடுவிட்டுக் கூடுபாய்தல்’ என்பதில் கூடு உடம்பைக் குறிக்கிறது அல்லவா, அந்தப் பொருளில் எடுத்தால் ‘கூட்டுப்புழு’ இங்கும் நிற்கும். ஆகவே அதையே ஆளலாம். பட்டுக்கூட்டை மட்டும் ‘கூடு’ என்று தனியே சொல்லிவிட்டால் குழப்பமில்லை.

வளர்த்துப் பார்ப்பவர்களுக்கு: மருந்தடித்த இலை ஆகாது, புழு செத்துவிடும். புதிதாக உருவான பியூப்பா மெத்தென்றிருக்கும், இறுகும்வரை தொடக்கூடாது. ஏறத்தாழ 8 முதல் 10 நாளில் தோல் கண்ணாடி போலாகி இறக்கை நிறம் தெரியும். குச்சியைச் சுற்றி ஒரு சாண் இடம் விடாவிட்டால் இறக்கை விரியாமல் சுருங்கியே காய்ந்துவிடும். சிறு துளையிட்டுக் குளவி வெளிவந்தால் அது ஒட்டுண்ணி. புழுவிலிருந்து பட்டாம்பூச்சிக்குப் பதில் வேறு பூச்சி வருவதை மெரியனும் அன்றே குறித்திருக்கிறார்.