பைலட் படிப்புக்கு வீட்டுப் பத்திரத்தை எடுக்கும் முன்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கொஞ்ச நாளில், மதுரையில் நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளைக்கு இப்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடுகிறது: "சார், பைலட் படிப்புக்கு எவ்வளவு லோன் கொடுப்பீங்க?" திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டிப் பக்கமிருந்து அப்பாவும் பிள்ளையுமாக வருவார்கள். கல்விக் கடன் பிரிவில் பல வருஷம் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு முன்னால், எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் கையைவிட்டுப் போகும் என்று கேளுங்கள். அந்தக் கேள்விதான் வீட்டைக் காப்பாற்றும்.

இந்தப் படிப்பில் பெரிய செலவு இரண்டு. பல குடும்பங்களுக்கு இரண்டாவது செலவு இருப்பதே தெரியாது. முதலாவது சிபிஎல் எனப்படும் வணிக விமானி உரிமம். பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும், குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், டிஜிசிஏ என்ற மத்திய அரசின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு நடத்தும் தேர்வுகளில் தாளுக்கு 70 சதவீதம் வாங்க வேண்டும். இதற்கே அரைக் கோடி ரூபாய் அளவில் ஆகிவிடும். அந்த 200 மணி நேரமும் செஸ்னா மாதிரிச் சின்ன விமானங்களில்தான். மதுரை விமான நிலையத்தில் வந்து இறங்கும் ஏர்பஸ் 320 போன்ற ஜெட்டை ஓட்ட, டைப் ரேட்டிங் என்று தனிப் பயிற்சி வேண்டும். அதற்கு இன்னொரு 15 லட்சமாவது எடுத்து வைக்க வேண்டும். ஒரு காலத்தில் விமான நிறுவனமே இந்தச் செலவை ஏற்று, இத்தனை வருஷம் வேலை பார்க்க வேண்டும் என்று பாண்டு எழுதி வாங்கிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. இப்போது புதிதாக வரும் பிள்ளைகள் விஷயத்தில் அந்தச் சுமை பெரும்பாலும் குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது.

இண்டிகோ, ஏர் இந்தியா போன்ற நிறுவனங்கள் கேடட் பைலட் திட்டம் நடத்துகின்றன. தேர்வு வைத்து ஆளெடுத்து, தாங்கள் தேர்ந்த பயிற்சிப் பள்ளியில் சேர்த்து, முடித்தவர்களை ஜூனியர் ஃபர்ஸ்ட் ஆபீஸராக, அதாவது தொடக்க நிலைத் துணை விமானியாக, எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. நல்ல வழிதான். ஆனால் மொத்தச் செலவு ஒரு கோடியை ஒட்டி வந்துவிடும், அதைக் கட்டுவது நாம்தான். இந்த மாதிரித் திட்டங்களில் சேரும்போது தரும் கடிதத்தைப் பல அப்பாக்கள் வேலை ஆர்டர் என்றே நினைத்து என் மேஜையில் வைக்கிறார்கள். "வேலை உறுதி ஆயிருச்சு சார்" என்பார்கள். நான் அந்தப் பக்கத்தில் விரலை வைத்து நிதானமாக வாசித்துக் காட்டுவேன். பயிற்சியைக் குறித்த காலத்தில் முடித்தால், மருத்துவத் தகுதி அப்போதும் இருந்தால், நிறுவனத்தின் அன்றைய தேவைக்கு உட்பட்டு. இந்த மூன்றில் முதல் இரண்டைப் பிள்ளை ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவது யார் கையிலும் இல்லை.

அந்த மூன்றாவது எப்படி மாறும் என்பதை நம் நாடு நன்றாகவே பார்த்திருக்கிறது. 2012-ல் கிங்ஃபிஷர் நின்றது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது. 2020-ல் கொரோனா ஊரடங்கில் உள்நாட்டு விமானங்களே இரண்டு மாதம் பறக்கவில்லை. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றது. ஒரு நிறுவனம் மூடும்போது, ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த பைலட்டுகள் வேலை தேடி வெளியே வருவார்கள். 200 மணி நேரம் மட்டும் வைத்திருக்கும் பிள்ளை வரிசையில் அவர்களுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். சும்மா காத்திருக்கவும் முடியாது. வெளியே எதுவும் தெரியாதபோதும் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் தகுதியை வருஷா வருஷம் புதுப்பிக்க மறுபடி பறக்க வேண்டும், மெடிக்கலையும் புதுப்பிக்க வேண்டும். வேலை இல்லாத பைலட்டுக்கும் செலவு நிற்காது.

சரி, கடன் கணக்குக்கு வருவோம். 60 லட்சம், 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருஷப் படிப்பில் பணம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. படிப்புக் காலமும் அதற்குப் பின் ஒரு வருஷமும் தவணை கிடையாது, ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். முழுத்தொகையும் போனபிறகு வட்டி மட்டும் மாதம் 50,000 ரூபாய். மூன்று வருஷ வட்டியையும் கட்டாமல் விட்டால் அசல் சுமார் 72 லட்சமாகி, 15 வருஷத்துக்கு மாதத் தவணை 77,000 ரூபாய்க்கு மேல் வரும். வட்டியை அவ்வப்போது கட்டி வந்திருந்தால் 64,500-க்குள் முடியும். பைலட் சம்பளத்தில் இதைக் கட்டிவிடலாம் என்பது உண்மை. வேலை கிடைக்கும் நாள் வரை யார் கட்டுவது என்பதைத்தான் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டும்.

நம் ஊர்ப் பக்கம் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுவாக அடமானம் கேட்போம். கிராமத்திலிருந்து வருபவர்கள் கிணறோடு இருக்கும் தோட்டத்துப் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் எடுத்து வருவார்கள். கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை ஏலம் விட வங்கிக்கு அதிகாரம் தரும் சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. கடன் நின்றுபோனால் அந்தச் சட்டத்தின் வழியாக வங்கி அதை ஏலத்துக்குக் கொண்டுவர முடியாது என்பதால் பல வங்கிகள் அதை அடமானமாக ஏற்கத் தயங்கும். அப்புறம் என்ன நடக்கிறது? ஒன்று, அவசரத்தில் தோட்டத்தை வந்த விலைக்கு விற்கிறார்கள். இல்லையென்றால் "கொஞ்சம்தான் குறையுது" என்று மூன்று ரூபாய் வட்டிக்கு வெளியே வாங்குகிறார்கள். மூன்று ரூபாய் வட்டி என்றால் வருஷத்துக்கு 36 சதவீதம். கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தும் இது நடந்துகொண்டுதான் இருக்கிறது. பைலட் படிப்புக்கு வெளி வட்டிப் பணத்தைத் தொடவே தொடாதீர்கள். எத்தனை மாதம் தள்ளிப்போகும் என்று யாராலும் சொல்ல முடியாத படிப்புக்கு, மாதா மாதம் கழுத்தைப் பிடிக்கும் கடன் ஆகாது.

பணம் கட்டும் வரிசையை நான் எல்லோரிடமும் இப்படித்தான் சொல்கிறேன். முதலில் மெடிக்கல். டிஜிசிஏ அங்கீகரித்த டாக்டரிடம் இரண்டாம் வகுப்புப் பரிசோதனை, அதன்பின் முதல் வகுப்பு. திருமங்கலத்துப் பக்கம் ஒரு குடும்பம் பயிற்சிப் பள்ளிக்கு அட்வான்ஸ் கட்டிவிட்டு வந்த பிறகுதான் பையனுக்கு நிறம் பிரித்தறிவதில் குறை இருப்பது தெரிந்தது. அந்த அட்வான்ஸைத் திரும்ப வாங்க அவர்கள் நடந்த நடை கொஞ்சமில்லை. பரிசோதனைக்கு ஆகும் செலவு அதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

அடுத்தது தேர்வுகள். டிஜிசிஏ கம்ப்யூட்டர் நம்பர் என்ற தேர்வுப் பதிவு எண்ணை வாங்கி, நேவிகேஷன், மெட்டிரியாலஜி, ரெகுலேஷன் தாள்களை விமானத்தில் ஏறுவதற்கு முன்பே எழுதலாம். அவற்றைத் தாண்டிய பிள்ளைக்கு இந்தப் படிப்பு ஒத்துவருமா என்பது அதற்குள் தெரிந்துவிடும். அதுவரை ஆகும் செலவு சில லட்சங்களுக்குள்தான். பறக்கும் கட்டணத்தை அதற்கப்புறம் கட்டினால் போதும்.

பள்ளியைப் பொறுத்தவரை டிஜிசிஏ அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. 2025 முதல் டிஜிசிஏ தரவரிசையும் வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். நேரில் போய், பறக்கும் நிலையில் எத்தனை விமானம் நிற்கிறது, எத்தனை பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், போன பேட்ச் 200 மணி நேரத்தை எத்தனை மாதத்தில் முடித்தது என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடமே கேளுங்கள். அலுவலகத்தில் சொல்லாததை அவர்கள் டீக்கடையில் சொல்லிவிடுவார்கள். முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே கேட்கும் இடத்தை விட்டுவிடுங்கள். உத்தரப் பிரதேசத்தில் ஃபர்சத்கஞ்சில் இருக்கும் மத்திய அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமிக்கு நுழைவுத் தேர்வு உண்டு. நம் பிள்ளைகள் அதை அதிகம் எழுதுவதில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

"பத்து லட்சம் கொடுங்க, ஏர்லைன்ஸ்ல சீட் வாங்கித் தர்றேன்" என்று வரும் ஏஜென்ட்டைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. எழுத்துத் தேர்வு, சிமுலேட்டர் சோதனை, நேர்முகம் என்று நிறுவனமே நேரடியாக ஆளெடுக்கிறது. கையில் வேலைக் கடிதம் இல்லாமல் சொந்தப் பணத்தில் டைப் ரேட்டிங் முடித்து வைப்பதையும் நான் ஆதரிப்பதில்லை. நீங்கள் ஏர்பஸ்ஸில் முடித்திருப்பீர்கள், ஆளெடுக்கும் நிறுவனம் போயிங் வைத்திருக்கும்.

"பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு செலவு பண்ணலாமா சார்" என்று கேட்பவர்களும் உண்டு. இந்தியாவில் பைலட்டுகளில் ஏறத்தாழ 15 சதவீதம் பெண்கள். உலக அளவிலேயே இது மிக உயர்ந்த விகிதம். பையனுக்குப் போடும் அதே கணக்கை மகளுக்கும் போடுங்கள்.

வங்கிக்கு வரும்போது மெடிக்கல் சான்று, தேர்வு முடிவுகள், பள்ளியின் கட்டண அட்டவணை, கையெழுத்துப் போடவிருக்கும் ஒப்பந்தத்தின் முழு நகல், எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். இடையில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்ற பக்கத்தை மறக்காமல் மடித்து வைத்து வாருங்கள், அதைத்தான் நான் முதலில் வாசிப்பேன். பிள்ளையையும் கூடவே கூட்டி வாருங்கள். கடன் பிள்ளையின் பெயரில்தான் இருக்கும், நீங்கள் கூட்டுக் கடன்தாரர்.