விட்டுப் பிடித்தல்

ராயபுரத்தில் ஒரு மொட்டைமாடி. கல்லூரி முடித்த ஆறு பேர் அங்கே ஒரு நவீன நடனத்தை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். பிடிப்பதும் விடுவதும்தான் அதன் கரு. கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தபடி ஒருத்தி முழு எடையையும் பின்னால் சாய்த்து நிற்பாள். மறுமுனையில் இருப்பவன் சட்டென்று விட்டுவிடுவான்.

ஒத்திகையில் கையை ஊன்றி விழுந்த அந்தப் பெண், நான்காம் நாள் வீங்கிய மணிக்கட்டோடு என்னிடம் இயன்முறை சிகிச்சைக்கு வந்தாள். "சுளுக்குதான் அக்கா. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை" என்றாள். பெருவிரலை விரித்தால் அதன் அடியில் ஒரு சிறு குழி தெரியும். அங்கே மெல்ல அழுத்தியதும் துடித்துப்போனாள்.

அந்தக் குழிக்கடியில் இருப்பது ஸ்கஃபாய்டு என்னும் சிறிய எலும்பு. அதில் விழும் விரிசல் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். அதனால்தான் குழியில் வலி இருந்தால் முறிவு என்றே கருதிக் கட்டுப்போட்டு, 10 முதல் 14 நாட்களில் மறுபடி படம் எடுப்பார்கள். இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்க முனையிலிருந்தே உள்ளே வருகிறது. முறிவில் அந்த வழி அறுந்தால் எலும்பு சேராமல் போகலாம், ஒரு பகுதி செத்தும் போகலாம். தயவுசெய்து எண்ணெய் போட்டு நீவாதீர்கள், இழுத்துவிடச் சொல்லாதீர்கள். இவளுக்கு இரண்டாவது படத்தில் விரிசல் தெரிந்தது. எட்டு வாரம் மாவுக்கட்டு.

கட்டுப் பிரித்த பிறகு, கையைச் சரிசெய்வதோடு நின்றுவிட எனக்கு மனம் வரவில்லை. எப்படி விழுந்தாய் என்று கேட்டேன். "உடம்பை அப்படியே விட்டுவிடச் சொன்னார்கள், விட்டுவிட்டேன்" என்றாள். எனக்கு உறுத்துவது இதுதான். விடுவது என்றால் தசை ஓய்ந்துவிடுவது என்று நினைக்கிறோம். குடத்தை இடுப்பிலிருந்து தரையில் இறக்கிப் பாருங்கள். கைத்தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. அந்த வேலை நின்றால் குடம் உடையும். படியேறும்போது தாங்கும் முழங்கால் இறங்கும்போது நடுங்குவதும் இந்த வேலைக்குப் பழகாததால் இருக்கலாம்.

அவளுடைய அப்பா காசிமேட்டில் விசைப்படகுத் தொழிலாளி. ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர், "வடத்தை மொத்தமாக விட்டால் உள்ளங்கை உரிந்துவிடும் டாக்டரம்மா. விட்டுப் பிடிக்க வேண்டும்" என்றார். அன்றிலிருந்து அதையே பயிற்சியின் பெயராக வைத்துக்கொண்டோம். நாற்காலியில் ஐந்து எண்ணும்வரை மூச்சை வெளியே விட்டபடி மெல்ல அமர்வது முதல் பாடம். பிறகு குந்திய நிலையிலிருந்து, தாடையை மார்போடு சேர்த்து, கையை நீட்டாமல், புட்டத்திலும் தோளின் பின்புறத்திலும் உருள்வது.

1972 ஜனவரியில் அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியில் ஸ்டீவ் பாக்ஸ்டன் என்ற நடனக் கலைஞர் மாணவர்களை மோதவும் விழவும் வைத்து ஒரு நடனம் அமைத்தார். ஒருவர்மேல் ஒருவர் எடையைச் சாய்த்து ஆடும் தொடுகை நடனம் (contact improvisation) என்னும் வடிவத்துக்கு அதுவே வித்தானது. அவர், அடிபடாமல் விழுந்து உருளவும் கற்றுத்தரும் அய்கிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையைக் கற்றவர். அவர்கள் விழுந்தது மல்யுத்தப் பாய்களின் மீது. நம் பிள்ளைகள் சிமெண்டுத் தரையில் விழுகிறார்கள், அதுவும் யாரும் விழக் கற்றுக்கொடுக்காமல். இதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

இப்போது குத்துச்சண்டைப் பயிற்சிக்கூடம் ஒன்றிலிருந்து பாய்கள் வாங்கி விரித்துத்தான் ஒத்திகை நடக்கிறது. கயிற்றை விடுபவன் முதலில் குரல் கொடுக்கிறான். அவள் மூச்சை வெளியே விட்டு, முழங்காலை மடித்து, தோள்வழியே உருண்டு எழுகிறாள்.