எதிர்ப்பக்கம் எதற்கு எதிரே?

'செங்கோண முக்கோணத்தில் கர்ணத்தைக் கண்டுபிடித்துவிடுகிறேன். ஆனால் எதிர்ப்பக்கமும் அடுத்துள்ள பக்கமும் கணக்குக்குக் கணக்கு இடம் மாறுகின்றனவே, ஏன்?' என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். பள்ளியில் நானும் இதே இடத்தில் வழுக்கியவன்தான்.

கர்ணத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகை. அதில் 90-ஐச் செங்கோணமே எடுத்துக்கொள்வதால் மற்ற இரண்டும் குறுங்கோணங்கள். பெரிய கோணத்துக்கு எதிரே பெரிய பக்கம் என்பது தெரிந்ததே. எனவே செங்கோணத்தைப் பார்த்தபடி இருக்கும் கர்ணம்தான் மிக நீளமானது. படத்தைத் தலைகீழாகத் திருப்பினாலும் அதன் பெயர் மாறாது.

மற்ற இரண்டு பெயர்கள் வேறு சாதி. எதிர்வீடு, பக்கத்து வீடு என்கிறோம். எந்த வீட்டுக் கதவிலும் அப்படி எழுதியிருப்பதில்லை. நாம் எந்த வாசலில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது. முக்கோணத்தில் வாசல் என்பது நாம் எடுத்துக்கொண்ட குறுங்கோணம். அந்தக் கோணத்தைத் தொடாமல் எதிரே கிடப்பது எதிர்ப்பக்கம். சரி, கோணத்தைத் தொடும் பக்கங்கள் இரண்டு இருக்கின்றனவே? அதில் ஒன்று கர்ணம். அதற்குத்தான் ஏற்கெனவே பெயர் வைத்தாயிற்று. மிச்சமிருப்பது அடுத்துள்ள பக்கம்.

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் படங்கள் என்பேன். செங்கோணத்தை எப்போதும் கீழ் மூலையில் உட்கார வைத்து, 'அடிப்பக்கம்', 'உயரம்' என்று பழக்கிவிடுகிறோம். பிறகு படம் சாய்ந்தால் பிள்ளைகளும் சாய்ந்துவிடுகிறார்கள். சைன் (எதிர்ப்பக்கம் ÷ கர்ணம்), கோசைன் (அடுத்துள்ள பக்கம் ÷ கர்ணம்) சூத்திரங்களை மந்திரம்போல ஒப்பிக்க வைப்பதைவிட, முக்கோணத்தை ஒரு அட்டையில் வெட்டிக் கையில் கொடுத்துச் சுழற்றச் சொல்லலாம்.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 3, 4, 5 அளவுள்ள முக்கோணத்தை எடுங்கள். 3-க்கு எதிரே உள்ள கோணம் ஏறத்தாழ 36.87 பாகை. அங்கே நின்றால் எதிர்ப்பக்கம் 3, அடுத்துள்ள பக்கம் 4. சைன் 3/5, அதாவது 0.6, கோசைன் 4/5, அதாவது 0.8. இனி கர்ணத்தின் வழியே நடந்து மறுமுனைக்குப் போங்கள். அங்கே கோணம் 53.13 பாகை. ஒரு கோடுகூட நகரவில்லை. ஆனால் இப்போது எதிரே இருப்பது 4, பக்கத்தில் இருப்பது 3. சைன் 0.8, கோசைன் 0.6. ஒரு முனையின் சைன்தான் மறுமுனையின் கோசைன்! இரு கோணங்களும் சேர்ந்து 90 பாகை ஆவதால், எந்தச் செங்கோண முக்கோணத்திலும் இப்படித்தான் நடக்கும்.

கோசைன் என்ற பெயரிலேயே இது ஒளிந்திருக்கிறது. 90 பாகைக்கு மிச்சமுள்ள கோணத்தை நிரப்புக் கோணம் என்கிறோம். அந்த 'நிரப்பு' என்பதற்கான லத்தீன் சொல்லின் முதல் எழுத்துகள்தான் 'கோ'. எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயர் 1620-இல் வெளியிட்ட அட்டவணையில் இந்தச் சுருக்கத்தைப் பயன்படுத்தினார். நம் கர்ணம் இன்னும் பழையது. சம்ஸ்கிருதக் கணித நூல்களில் புஜம், கோடி, கர்ணம் என மூன்று பக்கங்களுக்கும் பெயர் உண்டு. புஜம் என்றால் கை, கர்ணம் என்றால் காது என்றும் பொருள் உண்டு. முக்கோணத்துக்குக் கையும் காதும் வைத்தவர்கள் ரசனைக்காரர்கள்தான்.

எந்த வாசலில் நின்றாலும் கணக்கு மாறாத முக்கோணம் ஒன்று உண்டு. இரு குறுங்கோணங்களும் 45 பாகையாக இருந்தால் எதிர்ப்பக்கமும் அடுத்துள்ள பக்கமும் ஒரே நீளம். முனை மாறும்போது பெயர்கள் அங்கேயும் இடம் மாறத்தான் செய்யும். ஆனால் டேன்ஜென்ட், அதாவது எதிர்ப்பக்கத்தை அடுத்துள்ள பக்கத்தால் வகுத்தால் கிடைப்பது, இரண்டு முனையிலும் 1.