பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள்

தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் பெயிலாக்குவதில்லை. நல்லதுதான். ஆனால் எழுத்துக்கூட்டத் திணறுகிற பிள்ளையும் வருடாவருடம் மேலே போய்விடுவதால், விஷயம் வீட்டுக்குத் தெரியவே ஒன்பதாம் வகுப்பு ஆகிவிடுகிறது. நெல்லை மாவட்டத்தில் முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடித்தட்டும் மடியுமாக உட்கார்ந்து பிள்ளையைப் படிக்க வைக்கும் அம்மாக்கள், "வாசிக்கவே மாட்டுக்கான் டீச்சர்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்கு மேலும் கேட்கலாம்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 24-ஆம் பிரிவு: ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் ஆசிரியர் மதிப்பிட வேண்டும், தேவைப்பட்டால் கூடுதலாகச் சொல்லித்தர வேண்டும், பெற்றோரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். 'டியூஷனுக்கு அனுப்புங்க' என்பது இதற்குப் பதிலாகாது. ஆசிரியர் தனியாக டியூஷன் எடுப்பதையே 28-ஆம் பிரிவு தடுக்கிறது.

அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்', அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் சொல்லித்தரும் திட்டம்; முதல் மூன்று வகுப்புக்கானது. அடுத்த ஆண்டு ஐந்தாம் வகுப்பு வரை நீண்டது. அரும்பு, மொட்டு, மலர் என்பவை அதன் படிநிலைகள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் இருந்தால், இன்னும் முதல் வகுப்புப் பாடத்தில் நிற்கிறது என்று பொருள். மார்க்கைவிட இதைத்தான் கேட்க வேண்டும்: "எம்பிள்ளை அரும்பா, மொட்டா?" ஆறு முதல் ஒன்பது வரை, தமிழ், ஆங்கிலம், கணக்கில் பின்தங்கியவர்களுக்கு 2025-26-இல் 'திறன்' என்ற திட்டம் வந்தது.

சரி, தனியாகச் சொல்லிக்கொடுத்தும் நகரவில்லையென்றால்? முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளைக்கு 'மக்கு' பட்டம் கட்டுவது நம் ஊரில் புதிதல்ல.

அதிலும் குறையில்லையென்றால் கற்றல் குறைபாடா, அதாவது புத்தி இருந்தும் வாசிக்க, எழுத, கணக்குப் போடத் திணறுகிறதா என்று பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட ஒரு சிறுமி, அம்மா சுற்றிய பீடியைக் கட்டுக்கு 25 என்று சரியாக எண்ணுவாள்; நோட்டில் 52 என்று எழுதுவாள். கதையை வாயால் முழுக்கச் சொல்வாள். எழுதினால் 'படம்' 'பமட்' ஆகும். எப்போதோ ஒருமுறை என்றால் பரவாயில்லை. மாதக்கணக்கில் தொடர்ந்தால் விடக்கூடாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் இதுவும் ஒன்று; சீக்கிரமே கண்டறிவதும் பள்ளியின் கடமை.

பாப்பாக்குடி, மானூர், நாங்குநேரி என ஒன்றியந்தோறும் கல்வித்துறையின் வட்டார வள மையம் உண்டு. மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கென அங்குள்ள சிறப்பாசிரியர் பிள்ளையைப் பார்க்கும்படி தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். குறைபாடு உறுதியாகி மருத்துவக் குழுவின் சான்றிதழ் கிடைத்தால், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகளைக் கேட்கலாம். சான்றிதழ் வேலையைக் கடைசி வருடத்துக்குத் தள்ளாதீர்கள்.

பள்ளியில் பதில் வரவில்லையென்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசுங்கள். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். அப்புறம், கல்வித்துறை உதவி எண் 14417.