தனுஷ்கோடி சர்ச் சுவருக்கு 5000 வயசா?

போன மாசம் சொந்தக்காரங்கள கூட்டிட்டு தனுஷ்கோடி போயிருந்தேன், அங்க இடிஞ்ச சர்ச்கிட்ட ஒருத்தர் போன்ல வீடியோ எடுத்துகிட்டே "இந்த கல்லெல்லாம் 5000 வருஷம் பழசு, கார்பன் டெஸ்ட் பண்ணா தெரிஞ்சிரும்"னு அடிச்சு விட்டுட்டு இருந்தாரு. எங்க மச்சான் சிரிச்சுட்டாரு. ஆனா யோசிச்சா அந்தாளு சொன்னது முழுசா தப்பில்ல, அதான் வில்லங்கமே.

அந்த சுவர் பவளக்கல்லு. பவளம் ஒரு காலத்துல உயிரோட இருந்தது, கடல்தண்ணில இருந்து கார்பன எடுத்துதான் கூடு கட்டுச்சு, ராமேஸ்வரம் பாம்பன் பக்கம் கரையேறி நிக்கிற பழைய பவளப்பாறைக்கு நெசமாவே சில ஆயிரம் வயசு இருக்கு. ஆனா தனுஷ்கோடி பெரிய ஊரானதே 1914ல ரயிலும் தலைமன்னாருக்கு கப்பலும் விட்டப்பறம்தான், 1964 டிசம்பர் புயல்ல எல்லாம் போச்சு. கல்லு வயசு வேற, அத எடுத்து கட்டுன வயசு வேற. (போதாக்குறைக்கு கடல்ல வளந்தது எதுவா இருந்தாலும் சில நூறு வருஷம் கூடுதலாதான் காட்டும், கடல்ல இருக்குற கார்பனே பழசு.)

கார்பன் டெஸ்ட்ல பாக்குறது கார்பன்-14ங்குற ஒரு வகை கார்பன, அது உயிர் போனதுல இருந்து கொறைய ஆரம்பிக்கும், 5730 வருஷத்துல பாதியாயிரும், 50000 வருஷத்துக்கு மேல அளக்குறதுக்கு மிச்சமே இருக்காது. சாதா பாறைல இந்த டெஸ்டுக்கு வேலையே இல்ல, அது என்னைக்கு உயிரோட இருந்துச்சு? அதனால கல்லுக்கு அடில என்ன கெடக்குன்னுதான் பாப்பாங்க. இங்கிலாந்துல பெரிய கல்லுங்கள வட்டமா நட்டு வச்சிருக்குற ஸ்டோன்ஹெஞ்ச்ல குழி தோண்ட ஆளுங்க வச்சிருந்த மான்கொம்பு அந்த குழியிலயே கெடச்சுச்சு, பெரிய கல்லுங்களுக்கு கிமு 2500 வாக்குலன்னு சொல்றது அதையெல்லாம் டெஸ்ட் பண்ணித்தான்.

இந்தோனேசியால குனுங் பாடாங் மலைய எடுத்துக்கோங்க. 2023ல ஒரு ஆராய்ச்சி பேப்பர், மனுஷன் 25000 வருஷத்துக்கு முன்னாடியே கட்டுன பிரமிடுன்னு. உள்ள ட்ரில் போட்டு எடுத்த மண்ணோட வயசு அது. சரி, அந்த மண்ணுல ஒரு கருவியோ எலும்போ மனுஷன் கை பட்ட அடையாளமோ இருந்துச்சா? இல்ல. மண்ணு சும்மாவும் பழசா இருக்கும்ல, 2024 மார்ச்ல ஜர்னலே பேப்பர வாபஸ் வாங்கிருச்சு. நம்ம சர்ச் கதையேதான்.

எலும்பு, கரி எதுவும் கெடைக்கலன்னா மணலே போதும், இதுதான் எனக்கு ரொம்ப புடிச்சது. மணல்ல இருக்குற குவார்ட்ஸ்ங்குற படிகத் துகள், மண்ணுக்குள்ள புதைஞ்சு கெடக்கும்போது சுத்தி வர்ற கதிர்வீச்ச உண்டியல்ல காசு மாதிரி சேத்துகிட்டே இருக்கும், வெயில் பட்டா உண்டியல் காலி. அதனால கல்லுக்கு அடில இருக்குற மணல இருட்டுலயே குழாய்ல எடுத்துட்டு போய் லேப்ல ஒளி அடிச்சா, அது விடுற வெளிச்சத்த வச்சு கடைசியா எப்ப வெயில பாத்துச்சுன்னு கணக்கு போட்டுறலாம். சுட்ட பானை ஓட்டுக்கும் இது செல்லும், அங்க வெயிலுக்கு பதிலா சூளை நெருப்பு. தூத்துக்குடி பக்கம் சிவகளைல தோண்டி எடுத்த முதுமக்கள் தாழிக்கு என்ன வயசுங்குற சண்டையும் இப்படி எதை டெஸ்ட் பண்றோம்ங்கறதுலதான் வருது, அங்க கார்பன் டெஸ்ட்ல, ஒரு தாழில இருந்த நெல்லு கிமு 1155ங்குது, அதே ஊர்ல எடுத்த கரி கிமு 3345ங்குது. என்னைய கேட்டா நெல்லதான் நம்புவேன், அது ஒரு வருஷத்துப் பயிரு, கரி எத்தன வருஷம் நின்ன மரமோ.

ஸ்டோன்ஹெஞ்ச் மாதிரி பெரிய கல்லுங்கள எப்படி தூக்குனாங்க, ஏலியன் வந்துச்சான்னு கேக்குறவங்க நம்ம கரைல வள்ளம் இழுக்குறத பாத்ததில்ல போல. அடில கட்டைய போட்டு வடத்த புடிச்சு ஏலேலோ ஐலசான்னா தன்னால ஏறுது, 2016ல லண்டன்ல 10 பேரு 1 டன் கல்ல மரச்சட்டத்துல வச்சு ஈசியா இழுத்து காமிச்சாங்க. ஸ்டோன்ஹெஞ்ச்ல இருக்குற 25 டன் கல்லுக்கு ஆளு கூட வேணும், சோறு கூட வேணும், ஏலியன் எதுக்கு?

திரும்பி வரும்போது தேவிபட்டினத்துல எறங்குனோம், மச்சான் கடலுக்குள்ள நிக்கிற நவபாஷாண கல்லுங்கள காமிச்சு அப்ப இதுக்கு எத்தன வயசுடான்னாரு. அடில இருக்குற மணல எடுக்கணும் மச்சான்னேன். "எடு பாப்போம்"னாரு.