முன்னே போகிறவரின் முதுகுக்குப் பின்னால்

நீலாங்கரையிலிருந்து ஒரு வாசகர் கொஞ்சம் கோபமாகவே எழுதியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு மாமல்லபுரம் கிளம்பினால் கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்க சைக்கிள் கூட்டங்களாம். பத்துப் பேர், பன்னிரண்டு பேர், ஜோடி ஜோடியாகப் போகிறார்களாம். ஹாரன் அடித்தாலும் ஒதுங்குவதில்லையாம். "ஏன் இப்படி ஒட்டிக்கொண்டே ஓட்டுகிறார்கள்? ஒருவர் பின் ஒருவராக ஓரமாகப் போனால் என்ன குறைந்துவிடும்?" என்று கேட்கிறார்.

நான் அதே சாலையில் காரும் ஓட்டுகிறேன், சைக்கிளும் ஓட்டுகிறேன். இரண்டு பக்கத்து எரிச்சலும் எனக்குத் தெரியும். அவருடைய முதல் கேள்விக்குப் பதில் சொல்வதில் எனக்குத் தனி சந்தோஷம், ஏனென்றால் அதற்குக் காரணம் காற்று.

பள்ளிப் பாடம்தான். நம்மூர் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறக்குறைய 1.15 கிலோ. சைக்கிளில் குனிந்து உட்கார்ந்திருப்பவரை நேர் எதிரில் நின்று பார்த்தால் அவர் மறைக்கும் பரப்பு சுமார் அரை சதுர மீட்டர். மணிக்கு 30 கி.மீ. என்பது நொடிக்கு 8.3 மீட்டர். பெருக்கிப் பாருங்கள்: நொடிக்கு நான்கு கன மீட்டர் காற்று அவர் வழியில் நிற்கிறது, கிட்டத்தட்ட ஐந்து கிலோ. ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்றை ஒவ்வொரு நொடியும் வழியிலிருந்து தள்ளிவிட்டுக்கொண்டே போவதுபோலத்தான். சமதரையில் அந்த வேகத்தில் அவர் மிதிக்கும் உழைப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு காற்றுக்கே போய்விடுகிறது. வேகத்தை இரண்டு மடங்காக்கினால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு. அதைச் சமாளிக்கத் தேவைப்படும் திறன் எட்டு மடங்கு.

இப்போது தள்ளப்பட்ட அந்தக் காற்று என்ன ஆகிறது என்று பார்ப்போம். தோளையும் இடுப்பையும் சுற்றி ஓடிவருகிற காற்று, முதுகுக்குப் பின்னால் உடனே வந்து சேர்ந்துகொள்வதில்லை. மனித உடல் மீனைப்போல வாலை நோக்கி மெலிந்துகொண்டே போவதில்லை, சட்டென்று முடிந்துவிடுகிறது. அதனால் காற்று உடம்பைவிட்டுப் பிரிந்து, பின்னால் அழுத்தம் குறைந்த ஒரு பள்ளத்தை விடுகிறது. அந்தப் பள்ளத்துக்குள் சுழல்கள் உருள்கின்றன. ஒரு கால் கீழே நீண்டு, மறு கால் மேலே மடங்கி இருக்கும் கணத்தில் இடுப்புக்குப் பின்னால் எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு பெரிய சுழல்கள் உருவாகின்றன என்று மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காற்றுச் சுரங்கத்தில், அதாவது விசிறியால் காற்றை வீசவைத்துச் சோதிக்கும் கூடத்தில், காட்டியிருக்கிறார்கள். மிதிக்க மிதிக்க அவை பலமாகி, தளர்ந்து, மறுபடி பலமாகின்றன. கண்ணுக்குத் தெரியாத ஒரு வால், சைக்கிளின் பின்னால் அலைந்துகொண்டே வருகிறது.

அந்தப் பள்ளத்தில் இருக்கும் காற்று ஏற்கெனவே முன்னோக்கி இழுபட்டுக்கொண்டிருக்கிற காற்று. அதற்குள் உங்கள் சைக்கிளைக் கொண்டுபோய் வைத்தால், எதிரே வரும் காற்றின் வேகம் உங்களுக்குக் குறைந்துவிடுகிறது. இதைத்தான் சைக்கிள்காரர்கள் டிராஃப்டிங் என்கிறார்கள். முதன்முதலில் அதை உணர்ந்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முட்டுக்காட்டுப் பாலம் தாண்டியதும் எதிர்காற்றில் மூச்சு வாங்கிக்கொண்டு பின்தங்கியிருந்தேன். கூட்டத்திலிருந்த மூத்தவர் ஒருவர் எனக்காக வேகத்தைக் குறைத்து முன்னால் வந்து, "தம்பி, என் பின்சக்கரத்தைப் பிடிச்சுக்க" என்றார். நெருங்கினேன். ஒன்றரை மீட்டர், ஒரு மீட்டர். திடீரென்று காதில் அதுவரை கத்திக்கொண்டிருந்த காற்று அடங்கிவிட்டது. சங்கிலி ஓடும் சத்தம் கேட்டது. அதே வேகம், ஆனால் தொடையில் பாரம் இறங்கிவிட்டது. அந்த ஒரு கணத்துக்காகவே காற்றும் நீரும் ஓடும் விதத்தைச் சொல்லும் பாய்ம இயக்கவியல் புத்தகத்தை மறுபடி எடுத்துப் படித்தேன்.

செஸ்டர் கைல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1979இல் இதை அளந்து வெளியிட்டார். இரண்டாவதாக வருபவருக்கு மொத்த உழைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும். இடைவெளி கூடக் கூட இந்த லாபம் கரையும். கூட்டம் பெரிதானால் கணக்கு இன்னும் அதிசயமாகிறது. நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகத்தில் பேர்ட் பிளாக்கன் குழுவினர் 2018இல் 121 பேர் கொண்ட பந்தயக் கூட்டத்தைக் கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் ஆராய்ந்தார்கள். கூட்டத்தின் நடுவே, பின்பக்கமாக ஒளிந்திருப்பவருக்குக் காற்றின் எதிர்ப்பு, அவர் தனியாகப் போனால் இருப்பதில் 5 முதல் 10 சதவீதம்தான்!

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதற்கு அடுத்தது. பின்னால் வருபவரால் முன்னால் போகிறவருக்கும் லாபம் உண்டு. பின்னால் வருபவரின் முன்பக்கம் அழுத்தம் கூடிய ஒரு காற்று மெத்தை இருக்கிறதல்லவா? அது முன்னவரின் முதுகுக்குப் பின்னுள்ள பள்ளத்தைக் கொஞ்சம் நிரப்புகிறது. அவரைப் பின்னுக்கு இழுக்கும் விசை குறைகிறது. இரண்டு மூன்று சதவீதம்தான், ஆனாலும் உண்மையான உதவி. தொடாமலே ஒருவரை ஒருவர் தள்ளிவிடுகிறார்கள்.

ஆக, நீங்கள் காரிலிருந்து பார்ப்பது பன்னிரண்டு சைக்கிள்கள் என்றாலும், காற்றுக்கு அது ஒரே நீண்ட வண்டி. பெட்டிகளுக்கு நடுவே இரும்புக் கொக்கிக்குப் பதில் காற்று மறைவு இருக்கிறது. ஒரு மீட்டர் இடைவெளியை 30 கி.மீ. வேகத்தில் கடக்க நொடியில் எட்டில் ஒரு பங்கு போதும். மனிதனுக்கு ஒன்றைப் பார்த்து பிரேக் பிடிக்கவோ அதைப்போல ஐந்தாறு மடங்கு நேரம் வேண்டும். அதனால்தான் முன்னால் போகிறவர் குழியைக் கைகாட்டிச் சொல்கிறார், "ஸ்லோ" என்று குரல் கொடுக்கிறார், கடைசி ஆள் "கார்" என்று முன்னுக்குச் சொல்லி அனுப்புகிறார். கூட்டம் முழுக்க இந்தக் குரல்களை நம்பித்தான் ஓடுகிறது. முதுகுக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் ஏர் ஹாரனை அலறவிட்டால் ஒருவர் திடுக்கிட்டு ஹேண்டில்பாரை அசைப்பார். அவர் பின்சக்கரத்தில் அடுத்தவரின் முன்சக்கரம் உரசும். உரசியவரால் ஹேண்டில்பாரைத் திருப்ப முடியாது. திருப்ப முடியாத சைக்கிள் நிற்காது, விழும். இப்படி விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்த ஒருவரை சாலையோரம் உட்கார வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்திருக்கிறேன். ஹாரன் அடித்த வண்டி நிற்கவில்லை. அது எங்கள்மேல் மோதவே இல்லை என்பதால் அந்த ஓட்டுநருக்கு என்ன நடந்தது என்றே தெரியாமலும் இருந்திருக்கலாம்.

சரி, ஜோடியாகப் போவது ஏன்? இதற்கு காற்றைவிட அளவுநாடாதான் தேவை. நம் நெடுஞ்சாலைகளில் ஒரு தடத்தின் அகலம் வழக்கமாக 3.5 மீட்டர். மணலும் குழியும் இருப்பதால் சைக்கிள் ஓரத்திலிருந்து முக்கால் மீட்டராவது தள்ளித்தான் ஓட முடியும். அவருடைய வலது முழங்கை வரை எடுத்துக்கொண்டால் ஒரு மீட்டர் போய்விட்டது. கடக்கும்போது விட வேண்டிய இடைவெளி ஒன்றரை மீட்டர். கார் ஒன்றே முக்கால் மீட்டர். கூட்டினால் நாலே கால். ஒருவர் பின் ஒருவராகப் போனாலும் ஒரே தடத்துக்குள் உங்களால் ஒழுங்காகக் கடக்கவே முடியாது. அடுத்த தடத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். எப்படியும் போகப்போகிறீர்கள் என்றால், கூட்டம் நீளமாக இருப்பது நல்லதா, குட்டையாக இருப்பது நல்லதா?

பன்னிரண்டு பேர் ஒற்றை வரிசையில், மீட்டர் இடைவெளியில் போனால் சுமார் 31 மீட்டர் நீளம். ஜோடியாகப் போனால் 15 மீட்டர். முன்னும் பின்னும் 15 மீட்டர் விட்டு, நீங்கள் 60இல் கடக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒற்றை வரிசையைக் கடக்க கிட்டத்தட்ட 8 நொடி, ஜோடி வரிசையைக் கடக்க 6 நொடி. நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் எதிரே 80இல் ஒரு வேன் வருகிறது என்றால், முதலாவதற்கு 300 மீட்டருக்கு மேல் வெறும் சாலை தெரிய வேண்டும், இரண்டாவதற்கு 230 போதும். ஜோடியாகப் போகிறவர்கள் உங்கள் வேலையைக் குறைத்துத்தான் தருகிறார்கள். பிரிட்டனின் சாலை விதிப் புத்தகம் 2022 ஜனவரியில் திருத்தப்பட்டபோது, பெரிய கூட்டமாகவோ குழந்தைகளோடோ போகும்போது ஜோடியாகப் போவது பாதுகாப்பானதாக இருக்கலாம் என்று எழுத்திலேயே சேர்த்தார்கள். கடக்கும்போது குறைந்தது ஒன்றரை மீட்டர் என்பதும் அப்போது வந்தது.

அந்த ஒன்றரை மீட்டர் மரியாதைக்காக விடுகிற இடம் மட்டும் இல்லை. பேருந்து ஒன்று வலப்பக்கமாகக் கடக்கும்போது அதன் மூக்கு ஒதுக்கும் காற்று முதலில் உங்களை இடப்பக்கம், மணலை நோக்கித் தள்ளும். அந்தத் தள்ளலுக்கு எதிராக நீங்கள் வலப்பக்கம் சாய்கிற அதே நேரத்தில், பேருந்தின் பக்கவாட்டில் ஓடும் காற்றின் குறைந்த அழுத்தம் உங்களை உள்ளே இழுக்கும். சாய்ந்த பக்கத்திலேயே இழுவையும் சேர்ந்துகொள்கிறது. இதோடு சைக்கிளுக்கென்றே உள்ள ஒரு குணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் ஹேண்டில்பார் முதலில் ஒரு கணம் வலப்பக்கம் போய் வர வேண்டும், அப்போதுதான் உடம்பு இடப்பக்கம் சாயும். நாம் எல்லோரும் தெரியாமலே இதைச் செய்கிறோம். ஆக, பேருந்தைவிட்டு விலக நினைப்பவரின் சக்கரம் முதலில் பேருந்தை நோக்கித்தான் நகரும். அதற்கு இடம் வேண்டும்.

பாத் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் இயன் வாக்கர் தன் சைக்கிளில் ஒரு மீயொலி உணரியை (காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, அதன் எதிரொலியால் தூரத்தை அளக்கும் கருவி) கட்டிக்கொண்டு, தன்னைக் கடந்த 2,300க்கும் மேற்பட்ட வாகனங்களின் இடைவெளியை அளந்து 2007இல் வெளியிட்டார். பேருந்துகளும் லாரிகளும்தான் கார்களைவிட நெருக்கமாகக் கடந்தன. யோசித்துப் பாருங்கள், மீயொலி உணரி நம்மூர் மின்னணுக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. எத்தனை பொறியியல் கல்லூரிகள் ஆண்டுதோறும் அதே உணரியை வைத்து, தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் மணியடிக்கும் புராஜெக்ட்டைச் செய்கின்றன! ஒரு கல்லூரி அதை நாலு சைக்கிளில் கட்டி ஒரு பருவம் சாலையில் ஓட்டினால், நம் சாலைக்கான எண்கள் நம் கையில் இருக்கும். பெரிய ஆய்வகங்களுக்குக் கோடிகள் கொடுப்பது அவசியம்தான், ஆனால் இப்படிப்பட்ட சின்ன ஆய்வுகளுக்குப் பத்தாயிரம், இருபதாயிரம் கொடுக்க ஒரு நிதி இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அமாவாசைக்கு மறுநாளும் ஆயுத பூஜைக்கு மறுநாளும் சாலையெங்கும் உடைந்த திருஷ்டிப் பூசணிக்காய் கிடக்கும். சதையும் விதையும் டயருக்கடியில் வழுக்குவதில் எண்ணெய்க்குச் சமம். கூட்டத்தில் முதல் ஆள் அதைத் தவிர்க்க வளைந்தால் பன்னிரண்டு பேரும் வளைய வேண்டும். ஒரு வண்டியைக் காக்க உடைத்த காய் வேறு வண்டியை விழவைக்கிறது. இந்த வழக்கத்தை நாம் விட்டுவிடலாம்.

சைக்கிள்காரர்கள் பக்கமும் பொறுப்பு இருக்கிறது. முப்பது பேர் ஒரே கூட்டமாகப் போகக் கூடாது. பத்துப் பன்னிரண்டாகப் பிரிந்து, நடுவில் ஒரு கார் வந்து ஒதுங்கும் அளவுக்கு இடம் விட வேண்டும். மூன்று பேர் சேர்ந்து பேசிக்கொண்டு போவது தவறு. சாலை குறுகினால் ஒற்றை வரிசைக்கு மாற வேண்டும். ஒரே ஒரு சலுகை மட்டும் கேட்பேன். மார்கழியில் மாமல்லபுரத்திலிருந்து வடக்கே திரும்பும்போது காற்று வடகிழக்கிலிருந்து, அதாவது வலப்பக்கம் முன்னாலிருந்து அடிக்கும். அப்போது காற்று மறைவு முன்னவரின் நேர் பின்னால் விழாமல் இடப்பக்கமாகச் சாய்ந்து விழும். அதனால் முதல் ஆள் சற்று உள்ளே தள்ளி ஓட்ட, மற்றவர்கள் அவருக்கு இடப்பக்கம் படிக்கட்டுபோல வருவார்கள். வழியை மறிப்பதாகத் தோன்றும், ஆனால் காற்றின் திசை மாறியதும் வரிசை நேராகும்.

போன மாதம் கோவளம் தாண்டி ஒரு பேருந்து எங்கள் பின்னால் வந்தது. கடைசியில் நான்தான். "பஸ்" என்று முன்னுக்குச் சொன்னேன். ஹாரன் வரவில்லை. அரை நிமிடம் அப்படியே பின்னால் வந்தது, என்ஜின் உறுமல் மட்டும் கேட்டது. வலது தடம் காலியானதும் முழுசாக அதற்குள் போய், பன்னிரண்டு பேரையும் ஒரே மூச்சில் கடந்து, நல்ல தூரம் போன பிறகுதான் இடப்பக்கம் வந்தது. தள்ளலுக்குத் தயாராகத் தோளை இறுக்கிக்கொண்டிருந்தேன். சட்டைக் கை லேசாகப் படபடத்து அடங்கியது, அவ்வளவுதான். முன்னால் போன மூத்தவர் கையைத் தூக்கிக் காட்டினார். பேருந்தின் கண்ணாடிக்குப் பக்கத்திலிருந்து ஒரு கை வெளியே நீண்டு அசைந்தது.